ஜரோக்காவில் ஒரு பெண்: ராஜஸ்தானி சிற்றோவியம் வரைய முழுமையான வழிகாட்டி

சிற்றோவியம் பழக வருகிறவர்கள் வந்த உடனே கேட்பது, "கண் எப்படி வரைவது?" என்றுதான். கண் கடைசியில்தான் வரும். அதற்கு முன் காகிதம், கோடு, வெள்ளைப் பூச்சு, நிறம், மெருகு, பொன் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வேலைகள் முடிந்திருக்க வேண்டும். முகத்தில் கோடு பிசிறினால் பலரும் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் காகிதத்தில் இருக்கும், இல்லையென்றால் பிசின் அளவில் இருக்கும். அதனால்தான் இந்த வழிகாட்டி உத்தியைவிட வரிசைக்கு அதிக இடம் கொடுக்கிறது.

எடுத்துக்கொள்ளும் படம்: அரண்மனைச் சுவரிலிருந்து வெளியே நீளும் ஜரோக்கா மாடம், அதில் பக்கவாட்டு முகம் காட்டி, கையில் பூவோடு நிற்கும் ஒரு பெண். ராஜஸ்தான் அரசவை ஓவியங்களில் அடிக்கடி பார்க்கும் அமைப்புதான். உருவம் ஒன்றே ஒன்று. ஆனால் கட்டடம், துணி, நகை, கூந்தல், பொன் என எல்லா வேலையும் இதற்குள் வந்துவிடும். படம் 12×16 செ.மீ. போதும். சுற்றி 3 செ.மீ. ஓரம் விடுங்கள். இதைவிடச் சிறியதாக எடுத்தால் முகம் விரல் நகத்தைவிடச் சிறியதாகிவிடும். முதல் படத்துக்கு அது வேண்டாம்.

## 1. உட்காரும் முன் சேர்த்துவைக்க வேண்டியவை

காகிதம்: பருத்திக் கந்தலில் செய்த கைக்காகிதம், ஒவ்வொன்றும் சுமார் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற அளவு) கனத்தில் மூன்று தாள். ஜெய்ப்பூர் அருகே சாங்கனேரில் செய்யும் காகிதம் இதற்குப் பெயர் போனது. மரக்கூழ்க் காகிதம் வேண்டாம். நாளாக நாளாக மஞ்சளாகி ஒடியும்.

தூரிகை: நிரப்ப 2ஆம் எண், கோட்டுக்கு 0, நுணுக்கத்துக்கு 000. பழைய ஓவியர்கள் அணில் வால் முடியைப் புறா இறகின் தண்டில் செருகிக் கட்டிக்கொண்டார்கள். இன்று அதைத் தேட வேண்டாம். கீரிமுடித் தூரிகையும் வேண்டாம்; அதை விற்பதும் வாங்குவதும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நல்ல சேபிள் அல்லது தரமான செயற்கை முடி போதும். கடையிலேயே தண்ணீரில் நனைத்து ஒருமுறை உதறிப் பாருங்கள். முடியெல்லாம் ஒரே கூராகச் சேர வேண்டும். இரண்டாகப் பிரிந்தால் எண் எத்தனை சிறியதாக இருந்தாலும் பயனில்லை.

மெருகுக்கல்: வழவழப்பான அகேட் கல். கிடைக்காவிட்டால் பெரிய சோழி. கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கல்லில் ஒரு கீறல் இருந்தால் படத்தில் நூறு கீறல் விழும்.

இவற்றோடு ஒரு தடித்த கண்ணாடிப் பலகை, நிறம் வைக்கச் சிப்பி ஓடுகள் அல்லது சிறு பீங்கான் கிண்ணங்கள், டிரேசிங் தாள், மெல்லிய துணி, இரண்டு தம்ளர் தண்ணீர். இரண்டு எதற்கு என்றால், ஒன்று கழுவ, மற்றது நிறத்தில் சேர்க்க. ஒரே தம்ளரை வைத்துக்கொண்டு வெள்ளை ஏன் அழுக்காகிறது என்று கேட்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள்.

வலக்கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கச் சன்னலிலிருந்து வரட்டும். கையின் நிழல் கோட்டின்மேல் விழக்கூடாது. உள்ளங்கைக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டு பட்டர் பேப்பர் இருக்கட்டும். வியர்வை பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது. நம் ஊர் வெயிலில் இதை மறந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

## 2. வஸ்லி: தாள்களை ஒட்டி மெருகேற்றுதல்

வஸ்லி என்பது இரண்டு மூன்று தாள்களைப் பசையால் ஒட்டிச் செய்யும் அட்டை. ஒரே கனமான தாளை ஏன் எடுக்கக்கூடாது? இந்தப் படம் பலமுறை நனையும், பலமுறை கல்லால் தேய்படும். ஒட்டிய தாள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் நெளியாது, மேற்பரப்பும் இறுகும்.

பசைக்கு ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் கிண்டுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோல் ஆனதும் இறக்குங்கள். ஆறியதும் துணியில் வடிகட்டுவது கட்டாயம். ஒரு சின்னக் கட்டி உள்ளே தங்கினால், பிறகு கல் அதன்மேல் ஓடும்போது அந்த இடம் மட்டும் மேடாகிக் கிழியும்.

பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அது விஷம் என்பதால் சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், குழந்தைகள் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். ஒரு சிட்டிகைக்கு மேல் போட்டால் காகிதம் பச்சை பூக்கும்.

தாள்களை லேசாக ஈரப்படுத்துங்கள். முதல் தாளில் பசையைச் சீராகத் தடவி, இரண்டாவதை ஒரு ஓரத்திலிருந்து மெல்லப் படியவிடுங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் நீவிக் காற்றை வெளியேற்றுங்கள். மூன்றாவதற்கும் இதே முறை. பிறகு இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பலகையும் கனமும் ஏற்றிவிடுங்கள். உறிஞ்சுதாளை அவ்வப்போது மாற்றுங்கள். வெயிலில் காயவைத்தால் மேல்தாள் மட்டும் சுருங்கி, அட்டை கிண்ணம்போல் வளைந்துவிடும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது. காய்வதற்குள் பூஞ்சை வந்துவிடுகிறது.

நன்றாகக் காய்ந்த பிறகு கண்ணாடிப் பலகைமேல் வைத்து அகேட் கல்லால் தேயுங்கள். முதலில் சிறு வட்டங்கள், அப்புறம் ஒரே திசையில் நீண்ட இழுப்புகள். அழுத்தம் தோளிலிருந்து வரட்டும். விரலால் அழுத்தினால் பத்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும்.

எவ்வளவு தேய்த்தால் போதும்? காகிதத்தைச் சாய்த்து வெளிச்சத்தை அதன்மேல் ஓடவிடுங்கள். ஒளி எங்கும் தடைபடாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். மங்கலான திட்டு தெரிந்தால் அங்கே நார் இன்னும் எழுந்து நிற்கிறது என்று அர்த்தம். 000 தூரிகை அந்த நாரில் தட்டித்தான் கண்ணிமைக் கோடு பிசிறுகிறது. காகிதத்தில் விட்ட குறை முகத்தில் தெரிவது இப்படித்தான்.

இதெல்லாம் முடியாது என்பவர்கள் 300 ஜிஎஸ்எம் ஹாட் பிரஸ்டு (வழவழப்பான மேற்பரப்புள்ள) வாட்டர்கலர் காகிதத்தை வாங்கி, மெருகு மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். முதல் படத்துக்கு அது தவறில்லை.

## 3. நிறமும் பிசினும்

நிறப்பொடி வாங்க நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் பழைய ஓவியர்களின் நிறப்பெட்டியில் பாதி அங்கேயே இருக்கும்: காவிக்கல், சாதிலிங்கம், அரிதாரம், கருவேலம்பிசின். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள். சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. அரிதாரத்தில் ஆர்செனிக் இருக்கிறது. ஈயச் செந்தூரமும் ஈய வெள்ளையும் உடம்புக்கு ஆகாதவை. இவற்றை வீட்டில் பொடித்துத் தூசியைச் சுவாசிக்கும் அளவுக்கு ஒரு படமும் முக்கியமில்லை. கூர் சேர்க்கத் தூரிகையை நாக்கில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

தொடக்கத்துக்கு ஆபத்தில்லாத நிறங்கள் போதும். ஜிங்க் வெள்ளை, காவி, மஞ்சள் காவி, அவுரி (இண்டிகோ நீலம்), விளக்குக்கரிக் கறுப்பு. அவுரிச் சாயம் திண்டிவனம் பக்கம் இன்றும் தயாராகிறது. பளிச்சென்ற சிவப்புக்கு மட்டும் நல்ல தரமான வாட்டர்கலர் குழாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பச்சைக்கு மஞ்சள் காவியையும் அவுரியையும் கலந்தால் பழைய படங்களில் வரும் அடங்கிய பச்சை கிடைக்கும். செம்பிலிருந்து எடுத்த ஜங்கால் பச்சையைப் பயன்படுத்திய பழைய படங்கள் பலவற்றில் பச்சை இருந்த இடத்தில் காகிதமே அரித்துப்போயிருக்கிறது. அந்த நிறத்தைத் தேடிப் போக வேண்டாம்.

கட்டி நிறங்களைக் கல்வத்தில் தண்ணீர் விட்டு அரையுங்கள். அரைத்ததைக் கிண்ணத்தில் கலக்கி, சில நொடி விட்டு, மேலே மிதப்பதை மட்டும் வேறு கிண்ணத்தில் ஊற்றுங்கள். அடியில் தங்கியது மணல்; அதை மறுபடி அரைக்கலாம் அல்லது கொட்டிவிடலாம். ஊற்றியது ஓர் இரவில் தெளிந்து அடியில் படியும். மேல்நீரை இறுத்துவிட்டு எடுத்தால் அதுதான் வேலைக்கு ஆகும் நிறம். காவியை இப்படி இரண்டு முறை செய்தால் கடைப்பொடிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை விரலே சொல்லும்.

பிசின்: ஒரு பங்கு கருவேலம்பிசினை இரண்டு பங்கு தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டுங்கள். நிறத்தோடு எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு ஒரே அளவு கிடையாது. ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு அளவு குடிக்கும். அதனால் சோதனைதான் வழி. ஒரு துண்டு வஸ்லியில் கொஞ்சம் பூசி, முழுதும் காய்ந்ததும் விரலால் தேயுங்கள். நிறம் விரலில் வந்தால் பிசின் குறைவு. பளபளத்தால் அல்லது மயிரிழை வெடிப்பு தெரிந்தால் பிசின் அதிகம். விரலும் சுத்தமாக இருந்து, பரப்பும் மங்கலாக இருந்தால் சரி.

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். இதைத் தவிர்த்தவர்கள்தான் மெருகு ஏற்றும்போது படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உரிந்துவிட்டது என்று வருகிறார்கள்.

கரியும் அவுரியும் தண்ணீரில் கலக்க மறுக்கும், மேலே மிதக்கும். அவற்றை முதலில் பிசினோடு குழைத்துவிட்டு அப்புறம் தண்ணீர் சேருங்கள்.

## 4. வரைபடம்: முதலில் கட்டடம், பிறகு உருவம்

வஸ்லிமேல் நேரடியாக வரையாதீர்கள். அழிப்பான் பட்டால் அத்தனை நேரம் ஏற்றிய மெருகு போய்விடும். டிரேசிங் தாளில் வரைந்து, திருத்தி, முடித்துவிட்டே வஸ்லிக்கு வர வேண்டும்.

முதலில் சட்டகம். அதற்குள் ஜரோக்காவின் நடுக்கோடு. அதன் இருபுறமும் தூண்கள், மேலே சாய்ந்து இறங்கும் சஜ்ஜா என்ற கூரை நீட்சி, அதற்கும் மேலே சிறிய குமிழ்க் கூரை, கீழே மாடத்தைத் தாங்கும் கல் தாங்கிகள். பெண்ணை முதலில் வரைந்துவிட்டு மாடத்தை அவளைச் சுற்றிக் கட்டினால் தூண் தோளில் இடிக்கும், கைப்பிடிச் சுவர் முழங்காலில் வந்து நிற்கும். கட்டடம்தான் அவளுக்கு இடம் கொடுக்கிறது.

பள்ளியில் படித்த மறைபுள்ளி முறையை இங்கே மறந்துவிடுங்கள். இந்த ஓவியங்களில் கட்டடத்தின் முன்பக்கம் நேராகவே காட்டப்படும். பக்கவாட்டுச் சுவர் தேவைப்பட்டால் இணையான சாய்கோடுகளில் போகும், தொலைவில் குறுகாது. ஒரே படத்தில் விரிப்பை மேலிருந்தும் தூணை நேரிலிருந்தும் பார்ப்பதுபோல் காட்டியிருப்பார்கள். கோடுகளைத் தூரத்தில் ஒரு புள்ளிக்குக் குவித்தீர்களென்றால் படம் உடனே காலண்டர் படமாகிவிடும்.

ஜாலி என்ற கல்சல்லடைக்கு முதலில் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் வடிவை நிரப்புங்கள். ஒவ்வொரு ஓட்டையாகக் கண்ணளவில் வரைந்தால் மூன்றாவது வரிசையிலேயே கோணும்.

பக்கவாட்டு முகத்துக்கு நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை ஒரே மூச்சில் ஒரு கோடு. பிறகு உதடு, தாடை, கழுத்து. நீங்கள் ராஜஸ்தானின் கிஷன்கட் அரசவைப் பாணியைப் பின்பற்றினால் நெற்றி பின்னே சரியும், மூக்கு நீண்டு கூராகும், கண் மேல்நோக்கி வளைந்து நெடுக ஓடும், கழுத்து நீளும். 18ஆம் நூற்றாண்டில் கிஷன்கட்டில் நிகால்சந்த் வரைந்ததாகச் சொல்லப்படும் பணி தணி ஓவியத்தில் இந்த விகிதங்களைத் தெளிவாகப் பார்க்கலாம். மேவார் (உதய்ப்பூர்) பாணி என்றால் முகம் உருண்டை, கண் மீன் வடிவு, உடல் குட்டை. இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். கிஷன்கட் கண்ணை மேவார் முகத்தில் வைப்பது புதியவர்கள் அடிக்கடி செய்வது. எங்கே உறுத்துகிறது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

கையைத் தனியாகப் பயிற்சி செய்யுங்கள். பூவைப் பிடிக்கும் விரல்கள் முகத்துக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படும் இடம்.

## 5. வஸ்லிக்குப் படியெடுத்தல்

பழைய பட்டறைகளில் மான் தோலில் வரைபடத்தை ஊசியால் துளைத்து வைத்துக்கொள்வார்கள். அதைக் காகிதத்தின்மேல் விரித்துக் கரித்தூள் பொதிந்த துணியால் ஒற்றினால் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கும். ஓட்டை அச்சில் கோலமாவு தட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே உருவம் பல படங்களில் மீண்டும் வந்தது இந்த அச்சுகளால்தான்.

நமக்கு எளிய வழி, டிரேசிங் தாளின் பின்புறம் காவிப்பொடியைத் தேய்த்து, அதிகப்படியை உதறிவிட்டு, வஸ்லிமேல் வைத்து மேலே கடினமான பென்சிலால் மெல்ல ஓட்டுவது. கார்பன் தாள் வேண்டாம். அதன் மெழுகு நீர்நிறத்தைத் தள்ளும், நீலக்கோடு வெள்ளையைத் துளைத்து மேலே வரும். பென்சில் கரியும் வேண்டாம். மெருகு ஏற்றும்போது வெள்ளையோடு கலந்து சாம்பலாகிவிடும். காவி இருந்தாலும் கெடுதல் இல்லை, ஏனென்றால் உடல் நிறத்தோடு அது ஒத்துப்போகும்.

பிறகு நீர்த்த காவியில் 0 தூரிகையால் கோட்டை உறுதிப்படுத்துங்கள்.

## 6. வெள்ளைப் பூச்சு

ஜிங்க் வெள்ளையை நன்றாக நீர்க்கக் கரைத்துப் படம் முழுக்க ஒரு கை பூசுங்கள். கீழே உள்ள காவிக்கோடு மங்கலாகத் தெரிய வேண்டும். காய்ந்ததும் குறுக்குத் திசையில் இன்னொரு கை.

இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு, காகிதமே வெள்ளைதானே என்று. காகிதத்தின் உறிஞ்சல் இடத்துக்கு இடம் மாறும். பூச்சு அதைச் சமன்படுத்துகிறது. மேலே வரும் நிறத்துக்கு அடியிலிருந்து ஒளியும் கிடைக்கிறது. தவிர, இதுதான் வரைபடத்தைத் திருத்த உங்களுக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. மங்கிய பழைய கோட்டின்மேல் புதிய, சரியான கோட்டைப் போடுகிறீர்கள். தப்பிப்போன கோடு வெள்ளைக்கு அடியில் மறைந்துவிடும்.

கெட்டியாகப் பூசுவதுதான் இங்கே பொதுவான தவறு. ஒரே கையில் மறைத்துவிட வேண்டும் என்று தடித்துப் பூசினால் கல் படும்போது ஓடு ஓடாக உதிரும்.

காய்ந்ததும் படத்தைக் கவிழ்த்து, துடைத்த கண்ணாடிமேல் வைத்து, பின்பக்கத்திலிருந்து கல்லால் தேயுங்கள். இதற்குப் பிறகுதான் திருத்தக் கோடு.

## 7. நிறம் நிரப்புதலும் பின்பக்க மெருகும்

வரிசை இது: வானமும் பின்சுவரும், பிறகு ஜரோக்கா, பிறகு மாடத்தில் தொங்கும் விரிப்பு, ஆடை, உடல் நிறம், கூந்தல். ஓரச்சட்டத்துக்குச் சிவப்பு என்றால் அதையும் இப்போதே நிரப்பிவிடுங்கள்; அதற்கும் மெருகு தேவை. பெரிய பரப்பு முதலில், ஏனென்றால் அது எல்லை தாண்டும். பக்கத்து நிறம் அதை மூடிக்கொள்ளும்.

நிறம் பால் பதத்தில் இருக்கட்டும். இரண்டு தூரிகை கையில் வேண்டும்: ஒன்றில் நிறம், மற்றதில் ஈரம் மட்டும். நிறத்தை வைத்து, ஓரம் காய்வதற்குள் ஈரத்தூரிகையால் இழுத்துக்கொண்டே போனால் திட்டு விழாது. பாதி காய்ந்த இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். கீழுள்ள நிறம் கரைந்து எழுந்து வரும். அடுத்த கையில் சரியாகிவிடும் என்று நம்பி நகருங்கள்.

இந்தக் கட்டத்தில் நிழல் கிடையாது. எல்லாம் தட்டையாகவே இருக்கட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று மெல்லிய கை, சிவப்புக்கும் அவுரிக்கும் இன்னும் ஒன்று.

இரண்டாவது கை காய்ந்ததும் கவிழ்த்து மெருகு. மூன்றாவது காய்ந்ததும் மறுபடி. பின்பக்கத்திலிருந்து அழுத்தும்போது நிறத்துகள்கள் கண்ணாடியின் வழவழப்பை வாங்கிக்கொண்டு நெருங்கிப் படிகின்றன. பழைய படங்களில் நிறம் எனாமல் மாதிரி இறுகித் தெரிவது இதனால்தான். முன்பக்கத்திலிருந்து தேய்த்தால் நிறம் கல்லோடு போகும்.

கவிழ்க்கும் முன் கண்ணாடியை ஈரத்துணியாலும் பிறகு உலர்ந்த துணியாலும் துடையுங்கள். ஒரு மணல் போதும், முகத்தில் குழி விழ. படம் முழுதாகக் காய்ந்ததா என்று சந்தேகம் இருந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள். மழைக்காலத்தில் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும்.

உடல் நிறத்துக்கு வெள்ளையோடு மஞ்சள் காவியும் துளி சிவப்பும். படம் முடியும் வரைக்கும் தேவையான அளவைச் சேர்த்தே கலந்து வையுங்கள். கை ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று ஆவது இந்த அலட்சியத்தால்தான்.

## 8. பொன்

தஞ்சாவூர் ஓவியம் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் தடுமாறுவார்கள். அங்கே சுண்ணக்கலவையால் மேடு கட்டி அதன்மேல் தங்க இழையை ஒட்டுகிறோம். இங்கே பொன்னும் ஒரு நிறம், தூரிகையால் பூசுவது.

தங்க இழைகளைப் பீங்கான் தட்டில் சில துளி தேனோடு சேர்த்து விரல் நுனியால் நெடுநேரம் குழைக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டுக் கலக்கி, தங்கம் அடியில் படிந்ததும் இனிப்புநீரை இறுத்துவிடுங்கள். தேன் முழுதும் போகும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். தேன் மிச்சம் இருந்தால் ஈரம் இழுக்கும், எறும்பும் வரும். கடைசியில் மிக நீர்த்த பிசினில் கரைத்துச் சிப்பியில் உலரவிட்டால், வேண்டும்போது ஈரத்தூரிகையால் எடுத்துக்கொள்ளலாம். ஆயத்தமாகச் சிப்பித் தங்கம் விற்கிறார்கள். விலை அதிகம், ஆனால் இந்த அளவுப் படத்துக்குச் சிறிதே போதும். மலிவான பொன்பொடியில் இருப்பது பித்தளை வகை. சில வருடங்களில் கறுத்துவிடும்.

பொன் வரும் இடங்களில் முதலில் மஞ்சள் காவி பூசுங்கள். பொன் குறைவாகச் செலவாகும், இடைவெளி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. குமிழ்க் கூரையின் கலசம், ஆடைக்கரை, வளையல், விரிப்பின் பூவேலை ஆகியவை போதும். காய்ந்த பிறகு சிறிய, கூர்முனை அகேட் கல்லால் முன்பக்கத்திலிருந்தே மெல்லத் தேயுங்கள். முன்பக்கம் கல் படுவது இது ஒன்றுக்குத்தான். அதுவரை மங்கலான மஞ்சளாக இருந்தது அப்போதுதான் உலோகமாக மாறும்.

பொன் ஏன் இவ்வளவு சீக்கிரம் என்றால், கல் பக்கத்திலுள்ள கோடுகளின் மேலும் வழுக்கும். நுணுக்கக் கோடுகளை முடித்துவிட்டுப் பொன்னுக்கு வந்தவர்கள் வளையலைத் தேய்க்கும்போது விரல்களை இழந்திருக்கிறார்கள், படத்தில்தான்.

## 9. கோடு, நிழல், கூந்தல்

இனி எல்லாம் 000 தூரிகை. ஒவ்வொரு நிறத்தின் ஓரத்துக்கும் அதே நிறத்தின் அடர்த்தியான சாயலில் கோடு. வெள்ளைச் சுவருக்குச் சாம்பல், உடலுக்குச் செங்காவி, சிவப்பு ஆடைக்கு அரக்கு. எல்லாவற்றுக்கும் கறுப்புக் கோடு போட்டால் படம் வண்ணம் தீட்டும் புத்தகமாகத் தெரியும். பொன்னைச் சுற்றி மட்டும் மெல்லிய கறுப்பு அல்லது சிவப்பு.

கோடு தொடக்கத்தில் மெலிந்து, நடுவில் லேசாகத் தடித்து, மறுபடி மெலிய வேண்டும். காகிதத்தைத் திருப்பித் திருப்பி, இழுப்பு எப்போதும் உங்களை நோக்கி வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டை நிறுத்திவிட்டு விரலை மட்டும் அசைத்தால் கோடு நடுங்கும்.

நிழலுக்கு பர்தாஸ் என்ற முறை: மிக நீர்த்த நிறத்தில் நுண்ணிய புள்ளிகளும் இழைகளும். தூரிகையில் நிறத்தை எடுத்து, துணியில் ஒற்றி, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் வைக்க வேண்டும். ஒரு புள்ளி தனியாகப் பார்த்தால் தெரியவே கூடாது. ஐம்பது சேர்ந்தால்தான் தாடைக்கு அடியில் ஒரு சாயல் எழும். இழைகள் கன்னத்தின் வளைவோடு போகட்டும், குறுக்கே போக வேண்டாம். ஈரம் அதிகமாக இருந்தால் அடியிலுள்ள உடல் நிறம் கரைந்து பள்ளமாகும். நிழல் எங்கெல்லாம்? தாடைக்கு அடி, கழுத்து, அக்குள், துணி மடிப்பு, சஜ்ஜாவின் கீழ்ப்பக்கம். இதற்குமேல் வேண்டாம். இந்த ஓவியத்தில் ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை, அதனால் முகத்தின் ஒரு பாதியைக் கறுப்பாக்க வேண்டிய அவசியமில்லை.

கூந்தலைக் கறுப்பாக நிரப்பி விட்டுவிடக்கூடாது. நெற்றி ஓரத்தில் நீர்த்த சாம்பல் ஒரு கை, அதன்மேல் ஒவ்வொரு இழையாக வெளியிலிருந்து உள்ளே.

ஒளி ஊடுருவும் ஓட்னிக்கு (தலையையும் தோளையும் மூடும் மெல்லிய மேலாடை) அடியிலுள்ள உடல், ஆடை, கூந்தல் எல்லாம் முடிந்து மெருகும் ஏறியிருக்க வேண்டும். அதன்மேல் நீர் நீரான வெள்ளையை ஒரே இழுப்பில் விடுங்கள். இரண்டாவது முறை தொட்டால் அடிநிறம் எழும். மடிப்பு விழும் இடங்களில் மட்டும் வெள்ளை இழைக்கோடு. துணி இருக்கிறது என்று சொல்வது கரைதான், நடுப்பகுதி இல்லை.

## 10. ஓரக்கோடுகள்

படத்துக்கும் சிவப்பு ஓரத்துக்கும் இடையே ஒரு பொன்கோடு, இருபுறமும் மெல்லிய கறுப்பு. ரூலிங் பேனா இருந்தால் அதில் நிறத்தை ஊற்றி, சாய்முனை அளவுகோலைக் கவிழ்த்து வைத்து இழுங்கள். கவிழ்க்காவிட்டால் நிறம் அளவுகோலுக்கு அடியில் ஓடிவிடும்.

இதை முகத்துக்கு முன்பே முடித்துவிடச் சொல்வதற்கு ஒரே காரணம், ரூலிங் பேனா சொட்டும். சொட்டினால் சுவரில் சொட்டட்டும்.

## 11. முகம்

அக்பர் காலத்துக் கையெழுத்து நூல்களில் சில ஓவியங்களின் அடியில் மூன்று பெயர்கள் இருக்கும்: அமைப்பை வகுத்தவர், நிறம் தீட்டியவர், முகம் எழுதியவர். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள அக்பர்நாமா பக்கங்களில் இப்படிப் பார்க்கலாம். முகத்துக்கென்று தனியாக ஒருவர், அதுவும் மற்ற வேலை முடிந்த பிறகு. நாம் தனியாளாக எல்லாம் செய்கிறோம் என்பதால், குறைந்தபட்சம் வேறொரு நாளில், ஓய்வெடுத்த கண்ணோடு, காலை வெளிச்சத்தில் உட்காருங்கள்.

முதலில் பழைய வஸ்லித் துண்டில் அதே அளவில் சில கண்களை வரைந்து கையைப் பழக்குங்கள். பிறகு படத்தில் மேலிமைக் கோடு. அது விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் அதைப் பார்த்து அமையும். கீழிமை மெல்லிய செங்காவியில். கண்வெள்ளைக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், ஒரு சொட்டு உடல் நிறம் கலந்திருக்கட்டும். கருவிழி மேலிமையைத் தொட்டபடி நிற்க வேண்டும். நடுவில் மிதந்தால் பெண் திகைத்துப்போனதுபோல் தெரிவாள். கண் மூலையில் செம்மை. புருவம் இழை இழையாக. உதட்டில் நடுக்கோடு மட்டும் அடர்த்தி.

கோடு தப்பினால் உடனே துடைக்காதீர்கள். காயவிடுங்கள். பிறகு சுத்தமான ஈரத்தூரிகையால் அந்தக் கோட்டை மட்டும் தளர்த்தி, உலர்ந்த தூரிகையால் எடுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் வெள்ளைப் பூச்சு வரைக்கும் வந்துவிடும்.

## 12. முத்து, கடைசியில்

முத்துக்குக் கெட்டியான ஜிங்க் வெள்ளை, பிசின் கொஞ்சம் கூடுதலாக. தூரிகை நுனியில் ஒரு துளி எடுத்து, காகிதத்தைத் தொட்டு, நேராக மேலே தூக்குங்கள். துளி தானே குமிழாக நிற்கும். இழுத்தால் வால் வரும். ஒரு சரத்தில் நடு முத்து பெரிது, இருபுறமும் படிப்படியாகச் சிறிது.

இதன்பிறகு மெருகு இல்லை. கல் பட்டால் முத்து நசுங்கும். மரகதத்துக்குப் பச்சை நிறத்தையே இதேபோல் குமிழாக வைக்கலாம். ஜம்மு பக்கத்துப் பசோலி ஓவியர்கள் பளபளக்கும் பச்சை வண்டின் இறகோட்டைச் சிறு துண்டாக வெட்டி ஒட்டினார்கள். அதுவும் இந்தக் கடைசிக் கட்டத்து வேலைதான்.

## 13. முடித்த படத்தை வைப்பது

வார்னிஷ் பூசாதீர்கள். நிறம் கறுத்துவிடும், மெருகுக்கும் அர்த்தமில்லாமல் போகும். சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே மவுண்ட் அட்டை கட்டாயம். கண்ணாடி முத்தைத் தொட்டால் ஈரக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்னட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். நேர்வெயில் படும் சுவர் வேண்டாம், அவுரி மங்கும். வெளிச்சுவரும் வேண்டாம், மழையில் ஈரம் இறங்கும்.

கலந்து மிஞ்சிய நிறங்களைக் கொட்டாமல் சிப்பியிலேயே உலரவிட்டு மூடி வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரில் மறுபடி உயிர்பெறும். ஆனால் அடுத்த படத்தில் தொடும் முன் பிசின் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.